பதிலுக்குக் காத்திருக்கும் செயலி உறைந்துபோகாதது ஏன்?

பேருந்து எப்போது வரும் என்று கைத்தொலைபேசியில் பார்க்கிறீர்கள். தகவல் வேறொரு கணினியிலிருந்து வரவேண்டும். அதுவரை திரை அசையாமல் நின்றுவிட்டால் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. காரணம், 'அவெய்ட்' என்ற சின்னச் சொல்.

திரை ஏன் உறைகிறது?

திரையைக் கவனிக்கும் பொறுப்பு பொதுவாக ஒரே ஒரு 'திரெட்'டிடம் இருக்கும். அதையே பதிலுக்காக நிறுத்திவைத்தால், நீங்கள் தட்டுவதைக் கவனிக்க ஆளில்லை!

முன்பு என்ன செய்தார்கள்?

"பதில் வந்ததும் இதைச் செய்" என்று தனியாக எழுதிவைப்பார்கள். அதன் பெயர் 'கால்பேக்'. ஒன்றுக்குள் ஒன்றாக நாலைந்து சேர்ந்தால், எழுதியவருக்கே தலைசுற்றும்.

எப்போது மாறியது?

2012இல் மைக்ரோசாஃப்ட்டின் சி ஷார்ப் 5.0, 'ஏசிங்க்', 'அவெய்ட்' எனும் இரு சொற்களை அறிமுகம் செய்தது. பைத்தான் 2015இலும், ஜாவாஸ்கிரிப்ட் 2017இலும், ரஸ்ட் 2019இலும் அதே பாணிக்கு வந்தன.

கம்பைலர் என்ன செய்கிறது?

நிரல் எழுதுபவர் வழக்கம்போல் மேலிருந்து கீழாக எழுதுகிறார். காத்திருக்கவேண்டிய இடத்தில் 'அவெய்ட்' போடுகிறார். சி ஷார்ப், ரஸ்ட் மொழிகளில் மீதி வேலையைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும்.

- 'அவெய்ட்' வரும் இடங்களில் நிரலைத் துண்டுகளாகப் பிரிக்கும்
- எந்தத் துண்டில் நின்றது, அப்போது கையில் என்னென்ன மதிப்புகள் இருந்தன என்பதைக் குறித்துவைக்க ஏற்பாடு செய்யும்
- பதில் வந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர வழிசெய்யும்

இடைப்பட்ட நேரத்தில் திரெட் வேறு வேலையைப் பார்க்கலாம்.

'அவெய்ட்' போட மறந்தால்?

இங்குதான் சிக்கல். பணம் அனுப்பும் செயலியில், பரிவர்த்தனையைச் சேமிக்கும் வரியில் 'அவெய்ட்' விடுபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சேமித்து முடிக்கும் முன்பே திரையில் "வெற்றி" என்று வந்துவிடலாம். பிறகு சேமிப்பு தோல்வியடைந்தால், வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்?

- சி ஷார்ப், ரஸ்ட்: கம்பைலர் பொதுவாக முன்கூட்டியே எச்சரிக்கும். ரஸ்ட்டில் அந்த வேலை தொடங்கவே தொடங்காது
- பைத்தான்: நிரல் ஓடும்போதுதான் எச்சரிக்கை வரும்
- ஜாவாஸ்கிரிப்ட்: மொழி தானாக எச்சரிக்காது. தனிச் சோதனைக் கருவி வேண்டும்

வேகம் கூடுமா?

கூடாது. ஐந்து விநாடியில் வரும் பதில் ஐந்து விநாடியில்தான் வரும். அதுவரை செயலி உங்களைக் கட்டிப்போடாது, அவ்வளவுதான்.