ஒரு பைசாத் தாளும் தங்கவயலும்

ஆரணியில் பட்டுத்தறியில் கரைக்கு நாடா தள்ளும் பையனாக இருந்தவன் நான். அப்பா வாங்கிய முன்பணம் கழியும்வரை பள்ளிக்கூடம் கிடையாது. இப்போது எங்கள் சேரிப் பிள்ளைகளுக்கு யார்யாரோ வந்து தன்னம்பிக்கை வகுப்பெடுக்கிறார்கள். மனசு உடையாமல் இருப்பது எப்படி என்று சொல்கிறார்கள். யார் உடைக்கிறான் என்பதை மட்டும் சொல்வதில்லை. இந்தப் பாடத்தை நம்ம சனங்க நூறு வருசத்துக்கு முன்பே தாங்களே நடத்தியிருக்கிறார்கள்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கச் சுரங்கம் தொடங்கியது. பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த, எங்கள் வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து கூட்டங்கூட்டமாக அங்கே போனார்கள். இளவட்டங்கள் நிறைய. பூமிக்கடியில் பாறை வெடித்துச் செத்தவர்கள் பலபேர். மேலே வந்தால் கையில் கூலிக்காசு, எதிரே சாராயக்கடை. சிதறிப் போயிருக்க வேண்டிய கூட்டம்தான்.

பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் இலங்கை போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். தங்கவயல் மாரிக்குப்பத்திலும் கிளை முளைத்தது. 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் வந்தது. விலை பெயரிலேயே இருக்கிறது. மறுவருசம் பெயர் ‘தமிழன்’ ஆயிற்று.

பண்டிதர் ஆறுதல் சொல்லவில்லை. நீ தாழ்ந்தவன் இல்லை, தாழ்த்தப்பட்டவன், பூர்வ பௌத்தன், உன்னைத் தாழ்த்தியதற்கு ஒரு சரித்திரம் உண்டு என்று வாராவாரம் எழுதினார். அவருடைய சொல்லாராய்ச்சி முழுக்கச் சரியா என்று தமிழ் எம்.ஏ. படித்த எனக்குச் சந்தேகம் உண்டு. இருக்கட்டும். சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்கு நிமிர்ந்து நிற்க அது ஒரு தரை.

இதழ் வந்தால் எழுத்துத் தெரிந்தவர் வாசிப்பார், மற்றவர் கேட்பார். கேட்டதோடு விடவில்லை. சங்கத்துச் செய்தி, சந்தேகம், கேள்வி என்று எழுதி அனுப்பினார்கள். அவை அச்சிலும் ஏறின. கூட்டம் போட்டுப் பேசினார்கள். பார்ப்பான் இல்லாமல் கலியாணமும் சாவுச் சடங்கும் நடத்தினார்கள். கேட்டுக்கொண்டே இருந்த சனம் சொல்ல ஆரம்பித்ததே, அங்கேதான் விசயம் இருக்கிறது. இன்றைய வகுப்புகளில் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

1914இல் பண்டிதர் மறைந்தார். இதழும் பின்னர் நின்றது. 1926இல் அதைத் திரும்ப எடுத்து நடத்தியது சென்னை இல்லை, தங்கவயல். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பழைய தாள்களைக் காப்பாற்றியவர்களும் பௌத்தக் குடும்பத்தார்தான். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வந்த பிறகே பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் எம்.ஏ. படித்த வகுப்பில் அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை.

சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்லூரி போகிற பொண்ணு ஒருத்தி அந்தத் தொகுப்பை வாசிக்கிறாள். தறிவேலைக்குப் போகிற பையன்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். போன வாரம் ஒருத்தன் கேட்டான்: “அண்ணே, இந்தப் பேப்பருக்கு இப்ப நாம லெட்டர் போட முடியுமா?”