சபா ரசிகர்களின் பேச்சு: சென்னையில் ஒரு நூற்றாண்டு

சென்னையில் மார்கழி சீசன் நடக்கும் நாட்களில் எந்த சபாவின் வாசலில் நின்றாலும் மூன்று விஷயங்கள் காதில் விழும்: நேற்றைய கச்சேரியில் தோடி எப்படி அமைந்தது, புதுப்படத்துப் பாட்டு எந்த ராகம், யார் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மூன்றும் ஒரே மூச்சில் வரும். சங்கீத வரலாறு எழுதியவர்கள் வித்வான்களையும் உருப்படிகளையும் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். ரசிகர் பேச்சுக்கு அவர்கள் கொடுத்த இடம் குறைவு. கச்சேரி எவ்வளவு நேரம் நடக்க வேண்டும், எந்த மொழியில் பாட வேண்டும், யாரை மறுபடி அழைக்க வேண்டும் என்பதிலெல்லாம் இந்தப் பேச்சுக்குப் பங்கு உண்டு.

சபாக்கள் வருவதற்கு முன் சங்கீதத்தை ஆதரித்தவை அரண்மனை, ஜமீன், கோயில், மடம், செல்வந்தர் வீட்டுக் கல்யாணம். அரண்மனையில் யார் வாய் திறக்கலாம் என்பதற்கு முறை இருந்தது. பாட்டு பிடித்ததா என்பதைச் சன்மானமே சொல்லிவிடும். கோயில் வீதி அப்படியல்ல. சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாசிக்க, கூட்டம் அவரோடு வீதி வீதியாக நடக்கும். கல்யாணக் கச்சேரியில் அழைப்பில்லாதவர்கள் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். காசு கொடுக்காமல் கேட்ட இவர்கள்தான் தஞ்சை மாவட்டத்தில் முதல் விமர்சகர்கள்.

கட்சி கட்டும் பழக்கமும் அங்கே வேரூன்றியது. திருவையாற்றில் 1847-இல் சித்தியடைந்த தியாகராஜருக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய அளவில் ஆராதனை நடக்க ஆரம்பித்தபோது, நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்தார்கள். இரண்டு கட்சியிலும் பெண்கள் பாட இடமில்லை. சமாதிக்குக் கோயில் எழுப்பியவரான பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்களுக்கென்று தனியாக ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் எல்லாம் ஒன்றாகின. எந்த வித்வான் எந்தப் பக்கம் என்பது அதுவரை ரசிகர்களுக்கு அலுக்காத விஷயமாக இருந்தது.

சென்னைக்கு வித்வான்கள் பெருமளவில் வரத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் சபாக்கள் முளைத்தன. 1900-இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபா இன்றும் நடக்கிறது. வக்கீல், குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், வியாபாரி என்று மாதச் சந்தா கட்டிய அங்கத்தினர்கள்தான் இவற்றின் முதுகெலும்பு. ராஜா கொடுத்த இடத்தில் இப்போது நூற்றுக்கணக்கானோர் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். காசு கொடுத்தவருக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை உண்டு. சபா காரியதரிசிக்கு அதைக் கேட்டே ஆக வேண்டிய கட்டாயமும் வந்தது. 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் இந்தப் பேட்டைகளை இணைத்ததால், மயிலாப்பூர்க்காரர் ஜார்ஜ் டவுன் கச்சேரிக்குப் போய்வருவது சிரமமில்லாமல் இருந்தது.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது கூடவே அகில இந்திய சங்கீத மாநாடும் நடந்தது. அதன் விளைவாகப் பிறந்த மியூசிக் அகாடமியை 1928 ஆகஸ்டில் சர் சி.பி. ராமசாமி ஐயர் தொடங்கி வைத்தார். ஆண்டு விழா சில வருடங்களில் டிசம்பரில் நிலைத்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் கோர்ட்டும் கல்லூரியும் மூடியிருக்கும்; வெயிலும் இராது. 1932-இல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி சேர்ந்துகொள்ள, ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் கச்சேரி என்ற நிலை வந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பேச ரசிகர்களுக்கு அதுவே போதுமானதாயிற்று. அகாடமியின் காலை அமர்வுகளில் வித்வான்கள் ராக லட்சணம் பற்றி வாதாடினார்கள். ஒரு பிரயோகம் சரியா தவறா என்று பெரியவர்களே முட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்த்த சாமானிய ரசிகர், மாலையில் தானும் அதே வாதத்தைத் தொடர்ந்தார்.

கச்சேரியின் வடிவமும் இதே காலத்தில் மாறியது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகளை அடுக்கி, ராகம் தானம் பல்லவிக்குப் பின் துக்கடாக்களும் வைத்து மங்களம் பாடும் முறையை நிலைநிறுத்தினார். ஒரே பல்லவியில் மணிக்கணக்காக மல்லுக்கட்டும் பழைய பாணி பின்னுக்குப் போனது. டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் கலவையான ஒரு நிகழ்ச்சியை விரும்பியது. அதன் நாடியைப் பிடித்தவர் அரியக்குடி. ஒலிபெருக்கி வந்ததும் பேச்சின் அளவுகோல் இன்னொரு முறை மாறியது. கடைசி வரிசை வரை குரல் போகிறதா என்ற கேள்வி தேய்ந்து, சாரீரத்தின் இனிமையும் நுணுக்கமும் பேசுபொருளாயின. அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று ரசிகர்கள் பிரிந்து நின்ற காலம் இதுவே.

டிக்கெட் வாங்க முடியாதவர்களுக்கு வானொலி கைகொடுத்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே என்பதால் மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. கடற்கரை மணலில் சுண்டலோடு கச்சேரி கேட்டவர்களுக்கு சபாவின் உடைக் கட்டுப்பாடோ இருக்கை வரிசையோ இல்லை. 1938 ஜூனில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்த பிறகு கும்பகோணத்தில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் ஒரே இரவில் ஒரே பாட்டைக் கேட்டு, மறுநாள் அதைப் பற்றிப் பேச முடிந்தது.

வாய்ப்பேச்சாக இருந்ததை அச்சில் ஏற்றியவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை அவர் எழுதினார். வித்வானின் ஞானத்தை எடைபோடும் சாஸ்திர மொழி அவருடையது அல்ல. பக்கத்து இருக்கைக்காரர் காதோடு சொல்லும் தோரணை: கிண்டல், செல்லச் சலிப்பு, மனம் நிறைந்தால் வாய் நிறையப் பாராட்டு. கச்சேரி, நாடகம், சினிமா எல்லாவற்றையும் அதே பேனாவால் எழுதினார். 1935-இல் வந்த ‘நந்தனார்’ படத்துக்குக் கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள் என்பது நாடே பேசிய செய்தி. உடன் நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். அந்தப் படத்தின் நடிப்பில் எருமைக்கும் பனைமரத்துக்கும் கல்கி முன்னிடம் கொடுத்து எழுதிய விமர்சனம் படத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது.

சினிமாவும் சங்கீதமும் இரு வேறு உலகங்கள் என்று பிற்காலத்தில் சிலர் கறாராகப் பிரித்தார்கள். 1930-களின் ரசிகருக்கு அப்படி ஒரு கோடு தெரியாது. பேசும்பட முதலாளிகளுக்குப் பாடத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். பாடத் தெரிந்தவர்கள் கச்சேரி மேடையில் இருந்தார்கள். முசிறி சுப்பிரமணிய ஐயர் 1938-இல் துக்காராமாக நடித்தார். 1940-இல் வந்த ‘சகுந்தலை’யில் ஜி.என்.பி. துஷ்யந்தன், எம்.எஸ். சுப்புலட்சுமி சகுந்தலை. நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையையும் அதே ஆண்டில் ‘காளமேகம்’ திரைக்குக் கொண்டுபோனது. எம்.எஸ். 1941-இல் ‘சாவித்திரி’யில் நாரதராக நடித்துப் பெற்ற பணம் கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ‘கல்கி’ பத்திரிகையின் முதலாயிற்று; விமர்சகரின் மேசைக்குச் சினிமாவே கால் கொடுத்த விசித்திரம் இது. விகடன் அதிபர் எஸ்.எஸ். வாசன் ஜெமினி ஸ்டுடியோ முதலாளி ஆனதும் அதே காலத்தில்தான். பாபநாசம் சிவன் கீர்த்தனையும் எழுதினார், தியாகராஜ பாகவதருக்குச் சினிமாப் பாட்டும் எழுதினார். 1944-இல் வெளியாகி மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ சாருகேசி ராகத்தை மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. அகாடமி வாசலைப் பார்த்திராத சைக்கிள் கடைக்காரரும் அந்த மெட்டை முணுமுணுத்தார். பாகவதர் உசத்தியா, பி.யு. சின்னப்பா உசத்தியா என்ற தகராறு டீக்கடைகளில் நடந்தது, அரியக்குடியா, ஜி.என்.பி.யா என்ற சபா வாசல் தகராறுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

பேச்சு அரசியலாகவும் மாறியது. தெலுங்கு, சமஸ்கிருத உருப்படிகளே மேடையை நிறைத்திருக்க, தமிழ்ப் பாட்டு கடைசித் துக்கடாவாக ஒதுங்கியிருந்தது. 1941-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நடத்திய மாநாடு தமிழிசை இயக்கத்துக்கு வழி திறந்தது. மியூசிக் அகாடமி எதிர்த்தது. கல்கி இயக்கத்தின் பக்கம் நின்று விடாமல் வாதாடினார். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்து, அதற்கும் டிசம்பர் விழா வந்தது. புரியும் மொழியில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட சாதாரண ரசிகரின் முணுமுணுப்பு இல்லாதிருந்தால் தலைவர்களின் தீர்மானம் காகிதத்தோடு நின்றிருக்கும்.

1950-களில் தியாகராய நகரில் கிருஷ்ண கான சபா வந்தது; தொடர்ந்து நாரத கான சபாவும் வந்தது. 1962-இல் அகாடமிக்குச் சொந்த அரங்கம் அமைந்தது. பந்தலும் பள்ளி மைதானமும் போய்ப் பெரிய கட்டிடங்கள் வரவர, கேன்டீன் தனி ஸ்தாபனமாக வளர்ந்தது. ‘அறுசுவை அரசு’ நடராஜன், ‘மவுண்ட்பேட்டன்’ மணி ஐயர் போன்ற கல்யாணச் சமையல் மேதைகளும் ஞானாம்பிகா போன்ற நிறுவனங்களும் சபாக்களுக்குச் சமைத்தன. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நடப்பதைப் பார்த்தால் கேன்டீனின் இடம் விளங்கும். பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தவுடன் அரங்கில் நாற்காலிகள் கிறீச்சிடும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி ஒருவர், கைப்பையை மடியிலிருந்து எடுத்தபடி ஒருவர் என்று வரிசை வரிசையாக எழுந்து போவார்கள். உள்ளே மிருதங்கமும் கடமும் மிச்சமிருப்பவர்களுக்கு மோஹரா வாசிக்கும். வெளியே வாழைப்பூ வடையும் டிகிரி காப்பியும் விற்றுக்கொண்டிருக்கும். லய வித்வான்கள் இதற்காகப் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது.

கலையாமல் உட்கார்ந்திருப்பவர்களில் நோட்டுப் புத்தகக்காரர்கள் தனி இனம். சட்டைப் பையில் ராகப் பட்டியல் அச்சிட்ட சிறு புத்தகம், கையில் நாற்பது பக்க நோட்டு. தேதி, சபா, பக்கவாத்தியம், பிறகு ஒவ்வொரு உருப்படிக்கும் ராகம், தாளம் என்று எழுதிக்கொண்டே போவார்கள். ராகம் பிடிபடாவிட்டால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. இடைவேளையில் பக்கத்து மாமாவிடம் கேட்டுத் திருத்திக்கொள்வார்கள். “நாட்டக்குறிஞ்சி மாதிரி இருந்ததே?” என்று தொடங்கும் கேள்வி, பத்து நிமிஷத்தில் கேட்டவரின் பையன் வேலை பார்க்கும் ஊர் வரை போய்விடும். பல வரன்கள் இப்படிப் பொருந்தியிருப்பது மயிலாப்பூரில் எல்லோரும் அறிந்ததே.

சபா அங்கத்தினருக்குச் சங்கீதத்தோடு நாடகமும் கிடைத்தது. ஒய்.ஜி. பார்த்தசாரதி, சோ, கே. பாலசந்தர் ஆகியோரின் நாடகங்கள் சபாக்களில்தான் அரங்கேறின. அவற்றில் சில திரைப்படமாயின. ஆகவே சபா ரசிகர் ஒரு படத்தைத் தியேட்டரில் பார்க்கும்போது அதன் நாடக வடிவத்தை முன்பே விமர்சித்து முடித்திருப்பார். படம் எடுத்த வித்வானும் உண்டு: வீணை எஸ். பாலசந்தர் 1954-இல் பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ படத்தை இயக்கியவர்; பின்னாளில் சங்கீத உலகின் பெரிய சச்சரவுகளில் அவர் பெயர் அடிபட்டது. 1985-இல் கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ வந்தபோது, காம்போஜியில் பாடிப் பழகிய ஒரு தியாகராஜ கீர்த்தனையை இளையராஜா சாரமதியில் அமைத்திருந்தார். அது தகுமா தகாதா என்ற விவாதத்தில் சினிமா ரசிகரும் சபா ரசிகரும் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தது.

அச்சில் கல்கிக்குப் பின் அந்தத் தோரணையைத் தொடர்ந்தவர் சுப்புடு (1917–2007). தில்லியில் வசித்த அவர் டிசம்பரில் சென்னைக்கு வந்து எழுதிய விமர்சனங்களைப் பாராட்டுக்காகப் படித்தவர்களைவிட, யாருக்கு அடி விழுந்திருக்கிறது என்று பார்க்கப் படித்தவர்களே அதிகம். சில இடங்களில் நகைச்சுவைக்காக நியாயத்தை அவர் பலி கொடுத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1983-இல் தொடங்கிய ‘ஸ்ருதி’ என்ற ஆங்கில மாத இதழ் நிதானமான எழுத்துக்கு இடம் தந்தது. ஸ்பூல் டேப்பும் பின்னர் கேசட்டும் வந்தபோது, கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்து ஒருவருக்கொருவர் பிரதி எடுத்துக் கொடுக்கும் வட்டங்கள் உருவாயின. பாடிய மறுநிமிடமே காற்றில் போன கச்சேரியை இப்போது மறுபடி கேட்டு வாதத்தைத் தீர்க்க முடிந்தது. பல வாதங்கள் அதனாலேயே நீண்டன என்பது வேறு.

இந்தப் பேச்சு வட்டம் குறுகியது என்ற குறையும் பழையது. சபாக்களை நடத்தியவர்களும் அவற்றில் உட்கார்ந்தவர்களும் பெரும்பாலும் பிராமணர்கள். நாகஸ்வரமும் அதைக் காத்த இசை வேளாளர் குடும்பங்களும் மங்கள வாத்தியத்தின் இடத்தோடு நிறுத்தப்பட்டன. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, கிடைக்க 1968 வரை ஆயிற்று. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2015 முதல் டிசம்பர் சீசனில் பாடுவதை நிறுத்தியபோது இந்தக் குறை மறுபடி மேடைக்கு வந்தது. 2024-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி அறிவிக்கப்பட்டதும் சில கலைஞர்கள் விழாவிலிருந்து விலகினார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

2020-இல் கொரோனா காரணமாக சீசன் இணையத்துக்கு மாறியபோது கச்சேரி வீட்டுக்கே வந்தது, கேன்டீன் வரவில்லை. அடுத்த ஆண்டுகளில் அரங்குகள் திறந்ததும் கூட்டம் திரும்பியது. இன்று வாதங்கள் பெரும்பாலும் கைபேசியில் நடக்கின்றன. ராகம் தெரியாவிட்டால் அதிலேயே தேடிக்கொள்கிறார்கள். நோட்டுப் புத்தகங்கள் குறைந்துவிட்டன. எந்த ஆண்டு எந்த வித்வான் எங்கே என்ன பாடினார், கூட்டம் அதை எப்படி ஏற்றது என்பதற்குப் பத்திரிகைகளையும் ஒலிப்பதிவுகளையும் விட்டால் சாட்சி அந்த நோட்டுகள்தான். தாத்தா எழுதி வைத்த கச்சேரி நோட்டு பரணில் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடை போடுவதற்கு முன் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பது நல்லது.