முகவரியும் அதிகாரமும்: கணனிச் சாதனங்களின் நினைவக வரைபடம் – ஒரு வரலாற்று நோக்கு

கலஹா உள்ளிட்ட மலையகப் பெருந்தோட்டங்களில் லயக் காம்பிராக்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாத நிலை நெடுங்காலம் நீடித்தது. தொழிலாளிக்கு எழுதப்பட்ட கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கே வந்தது. அங்கிருந்து அது எப்போது, எவர் கையில் லயத்தை அடையும் என்பதைக் காரியாலயமே தீர்மானித்தது. முகவரி வெறும் இடக்குறிப்பன்று, அஃது ஓர் அதிகாரமும் ஆகும் என்பதை மலையகத்தார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கணனியின் வரலாற்றிலும் இதே வினா வேறோர் உருவில் எழுந்தது: சாதனங்களின் முகவரி யார் கையில் இருப்பது?

கணனியோடு இணைந்த தட்டச்சுப்பொறி, மணிக்கூடு, வட்டு முதலியன சாதனங்கள் எனப்படும். தொடக்ககாலக் கணனிகள் பலவற்றில் இவற்றோடு பேசுதற்கெனத் தனிக் கட்டளைகள் இருந்தன. 1970 இல் அமெரிக்காவின் டிஜிற்றல் நிறுவனம் வெளியிட்ட பீ.டீ.பி. 11 எனும் பொறி வேறு வழியை மேற்கொண்டது. நினைவகமும் சாதனங்களும் யுனிபஸ் எனும் ஒரே பாட்டையில் இணைக்கப்பட்டன. மொத்த முகவரிகள் 65,536. அவற்றுள் உச்சியிலுள்ள 8,192 முகவரிகள் சாதனங்களுக்கென ஒதுக்கப்பட்டன. தட்டச்சுப்பொறியில் ஓர் எழுத்தை அச்சிட வேண்டின், எண்ம எண்முறையில் 177566 எனும் முகவரியில் அவ்வெழுத்தை இட்டாற் போதும்.

எளிமையான ஏற்பாடுதான். எனினும் அதனுள் ஒரு சிக்கல் உறைந்திருந்தது. சாதாரண நினைவகத்தில் இட்டது இட்டபடியே கிடக்கும். நூறுமுறை படிப்பினும் மாறாது. சாதன முகவரி அத்தகையதன்று. 177562 எனும் முகவரியைப் படித்தவுடன், 'எழுத்து வந்துளது' எனும் அறிகுறி அழிந்துவிடும். இங்கே படிப்பதே ஒரு செயலாகிறது. ஒருமுறை படித்ததை மீண்டும் ஏன் படிக்க வேண்டும் எனக் கருதிச் சிக்கனம் செய்யும் மொழிமாற்றி நிரல், சாதனத்தைப் பொறுத்தவரை பெருந்தவறு இழைத்துவிடும். அதனைத் தடுத்தற்கென்றே 1989 இல் தரப்படுத்தப்பட்ட சீ மொழியில் தனிச் சொல்லொன்று சேர்க்கப்பட்டது.

பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் எனும் பணிசெயல் முறைமை, 1971 இல் பீ.டீ.பி. 11/20 இல் இயங்கியது. அப்பொறியில் நினைவகக் காப்பு இல்லை. எந்த நிரலும் எந்த முகவரியையும் தொடலாம். புதிய நிரல் ஒன்றைச் சோதித்தால் முறைமை முழுவதுமே வீழ்ந்துவிடும் அச்சம் இருந்தது. 1972 இல் வந்த 11/45, நிரல் கூறும் முகவரியை உண்மை முகவரியாக மாற்றும் அலகைக் கொண்டிருந்தது. 1975 இல் வெளியான யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில் கேர்னல் எனப்படும் கருப்பகுதியின் வரைபடம் எட்டுச் சாளரங்களாக வகுக்கப்பட்டிருந்தது. எட்டாவது சாளரம் சாதனங்களை நோக்கித் திறந்தது. பயனரின் வரைபடத்திலோ அச்சாளரமே இல்லை. இல்லாத சாளரத்தைத் தொட முயலும் நிரலைப் பொறியே தடுத்துக் கேர்னலிடம் ஒப்படைக்கும்.

இவ்விடத்தில் கேர்னலைத் தோட்டக் காரியாலயத்தோடு முற்றாக ஒப்பிடுதல் பொருந்தாது. வாயிலைக் காத்தல் வேறு. வரைபடத்தை மறைத்தல் வேறு. முன்னது இன்றேல் ஒருவர் பிழை அனைவரையும் வீழ்த்தும். பின்னதற்கு அத்தகைய நியாயம் எதுவுமில்லை.

ஆனால் மறைத்தலும் நிகழ்ந்தது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஜோன் லயன்ஸ், ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்குத் தம் மாணவர்க்கென ஒரு விளக்கவுரை வகுத்தார். மூலமும் உரையும் எனும் மரபில் ஊறிய தமிழ் மாணவர் அதனை நச்சினார்க்கினியர் பணியோடு ஒப்பிட்டால் மிகையாகாது. 1979 இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பறையில் கற்பிப்பதைத் தடுத்தது. லயன்ஸின் நூல் படிக்குப் படியெடுக்கப்பட்டு உலகெங்கும் கைமாறியது. அது முறையாக அச்சேறிய ஆண்டு 1996.

இதற்கிடையே வரைகலைத் திரைகள் பெருகின. ஒவ்வொரு புள்ளிக்கும் கேர்னலை இரந்து நிற்றல் இயலாததாயிற்று. எனவே கேர்னல் ஒருமுறை அனுமதித்துச் சாளரத்தைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் முறை வேண்டப்பட்டது. பேர்க்லியின் 1983 ஆம் ஆண்டுப் பதிப்பு இதனை ஆவணத்தில் மட்டும் விவரித்தது; சன் நிறுவனத்தின் 1988 ஆம் ஆண்டுப் பதிப்பு செயற்படுத்தியது.

வரைகலை அட்டைகளின் முகவரிகள் எதனைக் குறிக்கின்றன என்பதை என்விடியா நிறுவனம் வெளியிடாதிருந்தமையால், லினக்ஸ் ஆர்வலர் அதனைத் தாமே கண்டறிய முற்பட்டனர். அவர்கள் கையாண்ட உத்தி வியப்பிற்குரியது. அந்நிறுவனத்தின் நிரலுக்குக் கேர்னல் அளித்த சாளரங்களை வேண்டுமென்றே மூடிவைத்தனர். நிரல் தொடுந்தோறும் தடை எழும். தடை எழுந்தோறும் எந்த முகவரியில் எப்பெறுமதி இடப்பட்டது என்பது பதிவாகும். காப்புக்கென அமைந்த பொறிமுறை இங்கே துப்பறியும் கருவியாயிற்று. 2008 இல் இது லினக்ஸ் கேர்னலிலேயே இடம்பெற்றது. 2022 இல் அந்நிறுவனமே தன் கேர்னல் கூறுகளின் மூலநிரலை வெளியிட்டது.

தமிழகத்தில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான சக்தி எனும் முறைவழியாக்கி 2018 இல் லினக்ஸை இயக்கியது. அதன் வடிவமைப்பு மூலங்கள் எவரும் படிக்கத்தக்கவாறு வெளியிடப்பட்டுள்ளன. கலஹா வீதியோரத்துப் பேராதனை வளாகத்திலிருந்து படிக்கும் மாணவரும் அதன் எந்த முகவரியில் எந்தச் சாதனம் அமைந்துளது என்பதை எவரிடமும் அனுமதி வேண்டாமலே பார்க்கலாம்.