படபடப்பை அடக்கலாமா? நுரையீரல் நோயில் பீட்டா தடுப்பான்களின் வரலாறு

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) உள்ளவருக்கு மூச்சு வாங்கும்போது நெஞ்சும் சேர்ந்து படபடக்கிறது. அந்தப் படபடப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான்களை அவருக்குக் கொடுக்கலாமா என்பதில் மருத்துவ உலகம் இருமுறை தடம் மாறியிருக்கிறது. முதலில் அளவுக்கு மீறி அஞ்சியது. பின்னர் அளவுக்கு மீறி நம்பியது. ஒரு வகை நோயாளிகளிடம் கண்டதை வேறு வகையினருக்கு அப்படியே பொருத்தியதே இரண்டுக்கும் காரணம் என்பது என் வாதம்.

நெஞ்சுவலிக்காரர்களின் இதயச் சுமையைக் குறைக்க ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்ரனலால் என்ற பீட்டா தடுப்பான் 1964இல் புழக்கத்துக்கு வந்தது. அதே ஆண்டில், அம்மருந்து ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயை இறுக்குவதை மக்நீல் 'லான்செட்' இதழில் எழுதினார். இம்மருந்துகள் தடுக்கும் ஏற்பிகள் இதயத்தில் பீட்டா-1, மூச்சுக்குழாயில் பீட்டா-2 என வேறுபடுவதை 1967இல் லேண்ட்ஸ் குழுவினர் காட்டியபின், பெரும்பாலும் இதயத்தில் மட்டும் வேலை செய்யும் அட்டினலால், மெட்டோபுரோலால் போன்றவை வந்தன. ஆனால் அச்சம் மட்டும் போகவில்லை. ஆஸ்துமாவில் நியாயமான அந்தத் தடை, புகையால் சிதைந்த நுரையீரலுக்கும் நீண்டது. இதன் விலை பெரிது. மாரடைப்பு கண்ட 2,01,752 பேரின் பதிவுகளை காட்லீப் குழுவினர் 1998இல் ஆராய்ந்தபோது, பீட்டா தடுப்பான் பெற்ற சி.ஓ.பி.டி. நோயாளிகளிடையே இறப்பு 40 சதவீதம் குறைவாக இருந்தது. தேவைப்பட்ட பலருக்கு மருந்து மறுக்கப்பட்டு வந்ததை இதற்குப் பிறகும் எச்சரிக்கை என்று நியாயப்படுத்த முடியாது.

அடுத்து நம்பிக்கை பெருகியது. 2010இல் நெதர்லாந்திலும் 2011இல் ஸ்காட்லாந்திலும் வெளியான பதிவாய்வுகள், இம்மருந்து எடுத்த சி.ஓ.பி.டி. நோயாளிகளிடையே இறப்பு குறைந்ததாகக் கூறின. துடிப்பு கூடக்கூட இந்நோயாளிகளின் ஆயுள் குறைவதைக் கோபன்ஹேகனில் நடந்த ஓர் ஆய்வும் காட்டியது. அப்படியானால் துடிப்பை இறக்கினால் ஆயுள் கூடாதா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் குறைந்த ஆக்சிஜன், வலப்பக்க இதயச் சுமை, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால், தியோபிலின் மருந்துகள் எனத் துடிப்பை ஏற்றுபவை பல. காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறைப்பது பலன் தருமென்று எதுவும் உறுதி சொல்லவில்லை. மருந்து எழுதப்பட்டவர்களும் எழுதப்படாதவர்களும் ஒரே நிலையில் இருந்தவர்கள் என்பதற்கும் உறுதியில்லை.

சீட்டுக் குலுக்கல் முறை ஆய்வுகளே தெளிவு தந்தன. 2019இல் டிரான்ஸ்ஃபீல்ட் குழுவினர், இதய நோய்க்காக இம்மருந்து தேவைப்படாத 532 பேருக்கு மெட்டோபுரோலாலோ போலி மாத்திரையோ கொடுத்தனர். நோய் திடீரென மோசமாவது தள்ளிப்போகவில்லை. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு மோசமாகும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கானது. இதைக் காட்டிப் பழைய தடையே சரியென வாதிடுவோர் உண்டு. ஏற்க இயலாது: இதய நோய்க்காக மருந்து தேவைப்படுவோர் அந்த ஆய்விலேயே சேர்க்கப்படவில்லை. அவர்களைப் பற்றி அது எதையும் நிரூபிக்காது. மேலும், 2024இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் பிசோபுரோலால் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.03 முறையும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 2.01 முறையும் நோய் திடீரென மோசமானது. பலன் இல்லை, மூச்சுக்குக் கூடுதல் கேடும் தென்படவில்லை. ஆகவே மாரடைப்போ இதயச் செயலிழப்போ உள்ள சி.ஓ.பி.டி. நோயாளிக்கு, பீட்டா-1ஐக் குறிவைக்கும் மருந்தைச் சிறு அளவில் தொடங்கி மூச்சைக் கவனித்தபடி உயர்த்தலாம். நுரையீரலை மட்டும் காக்க இதை எழுத வேண்டியதில்லை.