கல்லாப்பெட்டிக்கு வந்த பிட்காயின்: எல் சால்வடார் நாடு கண்ட அனுபவம்



நம்ம கூட்டமைப்பில் பெட்டிக்கடை, இட்லிக் கடை, தையல், கறவை மாடு என்று தொழில் செய்யாத உறுப்பினர் குறைவு. பணம் கைக்கு வரும் வழியும் மாறிக்கொண்டே இருக்கிறது. ரொக்கம் மட்டும் வாங்கிய கடையில் இன்று க்யூ ஆர் அட்டை தொங்குகிறது. இப்போது குழுக் கூட்டங்களில் இன்னொரு கேள்வியும் வருகிறது: "பிட்காயின், பிட்காயின்னு சொல்றாங்களே, அது என்னங்க? கடையில அதை வாங்கிக்கலாமா? அதுல யாராவது வியாபாரம் பண்ணியிருக்காங்களா?"

பண்ணியிருக்கிறார்கள். ஒரு கடை, இரண்டு கடை இல்லை. ஒரு நாடு முழுவதும் சட்டம் போட்டே செய்து பார்த்தார்கள். அந்த வரலாற்றைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எல்லார் வீட்டிலும் ஒரு கணக்கு நோட்டு

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒரு கட்டுரை இணையத்தில் வந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒருவரா, பலரா என்பது இன்று வரை தெரியாது. வங்கி நடுவில் இல்லாமலே ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்ப ஒரு முறை அதில் இருந்தது. 2009 ஜனவரி 3-ல் அது ஓடத் தொடங்கியது.

நம்ம குழுவை வைத்தே புரிந்துகொள்ளலாம். குழுவின் கணக்கு நோட்டு ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் திருத்தி எழுதிவிடலாம். அதே நோட்டின் நகல் எல்லா உறுப்பினர் வீட்டிலும் இருந்து, ஒவ்வொரு வரவும் செலவும் எல்லா நகலிலும் ஒரே மாதிரி ஏறினால், யாரும் தனியாகத் திருத்த முடியாது. பிட்காயின் அப்படி ஒரு நோட்டு. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் நகல் இருக்கிறது. சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை புதுப் பக்கம் எழுதப்படும். மொத்தமே 2 கோடியே 10 லட்சம் காயின்தான் வரும். அதற்கு மேல் யாரும் அச்சடிக்க முடியாது.

யோசனை கெட்டிக்கார யோசனைதான். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, அந்தக் காயினுக்கு இன்ன விலை என்று சொல்ல ஆள் கிடையாது. வாங்குகிறவர் கூடினால் ஏறும், விற்கிறவர் கூடினால் இறங்கும். இரண்டு, ரகசிய எண் தொலைந்தால் பணமும் தொலைந்தது. தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டால் திருப்பித் தரச் சொல்லி முறையிட மேலாளரும் இல்லை, கிளையும் இல்லை.

இரண்டு பீட்சாவும் பெரிய கடைகளும்

2010 மே 22. அமெரிக்காவின் புளோரிடாவில் லாஸ்லோ ஹான்யெட்ஸ் என்ற கணினி நிரலாளர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். அன்றைய மதிப்பு ஏறக்குறைய 41 டாலர். பிட்காயினில் பொருள் வாங்கிய முதல் வியாபாரம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பீட்சாக் கடைக்கு பிட்காயின் போகவே இல்லை. நடுவில் இன்னொருவர் காயினைத் தான் வாங்கிக்கொண்டு, கடைக்குச் சாதாரணப் பணத்தைக் கட்டி பீட்சாவை அனுப்பி வைத்தார். பின்னால் நடந்த பலவற்றுக்கும் இதுதான் பிள்ளையார் சுழி.

2014-ல் ஓவர்ஸ்டாக், டெல், மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனங்கள் பிட்காயினை ஏற்பதாக அறிவித்தன. அங்கேயும் நடுவில் பிட்பே, காயின்பேஸ் போன்ற நிறுவனங்கள் நின்று, காயினை வாங்கி டாலராக மாற்றிக் கடைக்குக் கொடுத்தன. போர்டில் "பிட்காயின்" என்று இருக்கும்; கல்லாவில் பெரும்பாலும் டாலர்தான் விழும். அதே 2014 பிப்ரவரியில் டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் என்ற பெரிய பரிமாற்றச் சந்தை திவாலானது. சுமார் 8,50,000 பிட்காயினைக் காணோம் என்றது. பிறகு ஒரு பகுதி கிடைத்தாலும் போட்டவர்கள் பல வருஷம் காத்துக் கிடந்தார்கள்.

அடுத்த தடை கூலி. ஒரு பக்கத்தில் எழுத இடம் குறைவு. கூட்டம் கூடினால் முதலில் எழுதச் சொல்லி அதிகக் கூலி கொடுக்கணும். விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளம் 2016-ல் பிட்காயின் வாங்க ஆரம்பித்தபோது ஒரு பரிமாற்றத்துக்கு 20 சென்ட் அளவில் செலவானது. 2017 டிசம்பரில் அது 20 டாலரைத் தொட்டது. ஸ்டீம் நிறுத்திக்கொண்டது. பத்து டாலர் பொருளுக்கு இருபது டாலர் கூலி கொடுக்க யாருக்குக் கட்டும்?

இதற்கு மாற்றாக 2018-ல் லைட்னிங் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. மளிகைக் கடையில் பற்று எழுதுவது போல, சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கலைத் தனியாக வைத்துக்கொண்டு, கடைசியில் மொத்தத்தை மட்டும் பெரிய நோட்டில் ஏற்றுவது. கூலி குறைந்தது, வேகமும் கூடியது. சின்னக் கடைக்கும் பிட்காயின் சாத்தியம் என்ற பேச்சு அதன் பிறகுதான் வலுத்தது.

ஒரு கடற்கரை ஊர்

எல் சால்வடார் மத்திய அமெரிக்காவில் உள்ள சின்ன நாடு. சொந்த நாணயமாக இருந்த கொலோனை ஒதுக்கிவிட்டு 2001 முதல் அமெரிக்க டாலரைத்தான் புழங்குகிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். வளைகுடாவுக்கு வீட்டுக்காரரையும் பிள்ளையையும் அனுப்பிவிட்டு மாதாமாதம் பணத்துக்குக் காத்திருக்கும் நம்ம சகோதரிகளுக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை. அங்கேயும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லை.

அந்த நாட்டின் எல் ஸோன்டே என்ற கடலோர ஊருக்கு 2019-ல் பெயர் சொல்லாத ஒருவர் பிட்காயின் நன்கொடை தந்தார். டாலராக மாற்றாமல் ஊருக்குள்ளேயே சுற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே தங்கியிருந்த மைக்கேல் பீட்டர்சன் என்ற அமெரிக்கர் முன்னின்று நடத்தினார். ஊரைச் சுத்தம் செய்த இளைஞர்களுக்குக் கூலி பிட்காயினில். அவர்கள் செலவு செய்ய கடைகள் வாங்க ஆரம்பித்தன. 2020-ல் கொரோனா வந்து சுற்றுலா நின்றபோது குடும்பங்களுக்கு உதவித்தொகையும் பிட்காயினில் போனது. மளிகைக் கடையிலும் புபுசா கடையிலும் கைப்பேசி வழியாக அது புழங்கியது. புபுசா என்பது சோள மாவைத் தட்டி, உள்ளே பயறோ பாலாடைக்கட்டியோ வைத்துக் கல்லில் சுட்டு எடுக்கும் பலகாரம். அங்கே அதைச் சுட்டு விற்பது பெரும்பாலும் பெண்கள்.

ஒன்றை மனதில் வைக்கணும். அந்த ஊரில் புழங்கியதற்கு வெளியிலிருந்து வந்த நன்கொடையும், அதைப் பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகளும் பெரிய காரணம்.

சட்டம் வந்தது

2021 ஜூன் 5-ல் அந்நாட்டு அதிபர் நயீப் புகேலே, பிட்காயினைச் சட்டப்படியான பணமாக்கப் போவதாக அறிவித்தார். சில நாட்களிலேயே 84 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் 62 பேர் ஆதரவோடு சட்டம் நிறைவேறியது. செப்டம்பர் 7-ல் நடைமுறைக்கு வந்தது. பிட்காயினை நாட்டின் சட்டப்படியான பணமாக்கிய முதல் நாடு அதுதான். சட்டத்தின் 7-வது பிரிவு, வாடிக்கையாளர் பிட்காயின் நீட்டினால் கடைக்காரர் வாங்கியே ஆகணும் என்றது. தொழில்நுட்ப வசதி இல்லாதவர்களுக்கு மட்டும் விலக்கு.

அரசாங்கம் சீவோ என்ற செயலியை வெளியிட்டது. பதிவு செய்தால் 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இலவசம். வந்த காயினை உடனே டாலராக மாற்றிக்கொள்ளவும் வழி வைத்தார்கள்; அதற்காக 15 கோடி டாலர் நிதி ஒதுக்கினார்கள். அதாவது பீட்சா கதையில் நடுவில் நின்ற ஆளின் இடத்தில் இப்போது அரசாங்கமே நின்றது.

முதல் நாளே செயலி தடுமாறி நின்றது. அன்று சுமார் 52,000 டாலராக இருந்த பிட்காயின் ஒரு கட்டத்தில் 43,000 அளவுக்கு இறங்கியது. இதைக் கடைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். காலையில் 20 டாலருக்குப் பலகாரம் விற்று காயினாகவே வைத்திருந்தால், அந்த நேரத்தில் கையில் இருப்பது பதினாறரை டாலர். மாவுக்கும் விறகுக்கும் கொடுக்க வேண்டியது குறையாது. ஒரு நாள் லாபம் மட்டுமல்ல, முதலிலேயே கை வைத்த மாதிரி.

தங்கள் அடையாள எண்ணை வைத்து வேறு யாரோ 30 டாலரை எடுத்துவிட்டதாகவும் பலர் புகார் சொன்னார்கள். செப்டம்பர் 15-ல் தலைநகரில் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது.

கடைக்காரர்கள் என்ன செய்தார்கள்?

2022 தொடக்கத்தில் பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று பேர் நாடு முழுவதும் 1,800 வீடுகளில் நேரில் கேட்டு ஒரு ஆய்வு செய்தார்கள். செயலியை இறக்கியவர்களில் பெரும்பாலோர் அந்த 30 டாலரைச் செலவழித்ததும் அதை மறந்துவிட்டார்கள். கட்டாயம் என்று சட்டம் சொல்லியும் நூற்றுக்கு 20 கடைகள்தான் பிட்காயின் வாங்கின. வாங்கியவர்களிலும் 88 சதவீதம் பேர் அதை டாலராக மாற்றிக்கொண்டார்கள். ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டதற்கு ஜனங்கள் சொன்ன முக்கியக் காரணங்கள்: ரொக்கமே வசதி, இதன் மேல் நம்பிக்கை இல்லை.

நாம் அடிக்கோடு போட வேண்டியது இன்னொரு விவரம். வங்கிக் கணக்கு இல்லாத ஏழைகளுக்காக என்று சொல்லித்தான் திட்டம் வந்தது. ஆனால் தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் யார்? ஏற்கெனவே வங்கிக் கணக்கு உள்ளவர்கள், படித்தவர்கள், இளைஞர்கள், அதிலும் ஆண்கள். புபுசா சுடும் பெண்ணை அது எட்டவில்லை.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப இது மலிவு என்ற வாக்குறுதியும் பலிக்கவில்லை. 2022-ல் நாட்டுக்கு வந்த பணத்தில் இந்த மாதிரிச் செயலிகள் வழியாக வந்தது நூற்றுக்கு இரண்டு பங்கு கூட இல்லை. 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை ஏறிய பிட்காயின், ஒரே வருஷத்தில் 16,000 அளவுக்கு விழுந்தது. பிறகு மறுபடியும் ஏறியது, 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரையும் தாண்டியது. வாங்கி வைத்துக் காத்திருக்க முடிந்தவருக்கு அது லாபம்தான். ஆனால் நாளைக்கே சரக்கு எடுக்க வேண்டிய கடைக்காரர் காத்திருக்க முடியுமா?

2024 டிசம்பரில் பன்னாட்டு நிதியத்திடம் 140 கோடி டாலர் கடனுக்கு எல் சால்வடார் உடன்பாடு செய்தது. அதன்படி 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தினார்கள். கடைகள் பிட்காயின் வாங்குவது இனி விருப்பம். வரி கட்டுவது டாலரில் மட்டும். கட்டாயம் போட்டு மூன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

நம்ம கூட்டத்தில் பேச வேண்டியது

இந்தியாவில் பிட்காயின் சட்டப்படியான பணம் இல்லை. வங்கிகள் இந்தத் தொழிலுக்குச் சேவை தரக்கூடாது என்று 2018-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவை 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதனால் வாங்கி விற்பது குற்றம் இல்லை. ஆனால் 2022 ஏப்ரல் முதல் அதில் வரும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி. நஷ்டம் வந்தால் வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது. சின்னக் கடையில் அன்றாட வியாபாரத்துக்கு இது ஒத்துவராது.

இன்னொன்றும் சொல்லியாகணும். "புது காயின் வந்திருக்கு, பத்து பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன்" என்று கிராமத்துக்கு வருகிறவர்கள் பேசுவது பிட்காயின் கூட இல்லை. அந்தப் பெயரை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு ஆள் பிடிக்கிறார்கள். உள்கடன் வாங்கி அதில் போட்டால் காயின் கரைந்தாலும் தவணை கரையாது.

எந்தப் புதுப் பணம், புதுச் செயலி வந்தாலும் கூட்டத்தில் மூன்று கேள்வி கேட்போம். இன்று வாங்கினால் நாளைக்கு அதே மதிப்புக்குச் சரக்கு எடுக்க முடியுமா? தவறு நடந்தால் யாரிடம் போய் நிற்பது? விலை இறங்கினால் நஷ்டம் யார் தலையில்? எல் சால்வடாரின் சின்னக் கடைக்காரர்கள் இதையெல்லாம் கருத்தரங்கில் கேட்கவில்லை. வாங்கியதை டாலராக மாற்றிக் கல்லாவில் போட்டார்கள். பலர் வாங்கவே இல்லை. அதுதான் அவர்கள் சொன்ன பதில்.

புதியதைக் கண்டு பயப்பட வேண்டாம். குழு ஆரம்பித்த காலத்தில் பெண்கள் வங்கிக்குள் நுழைவதே புதுசுதான். கற்றுக்கொண்டுதான் வந்தோம். இதையும் கற்றுக்கொள்வோம்; கணக்குப் போட்டுப் பார்த்து, தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகு முடிவெடுப்போம்.