நாடக மேடை தந்த நடிகர் டி. எஸ். பாலையா

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் கதாநாயகரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1936 ஆம் ஆண்டில் வெளிவந்த 'சதி லீலாவதி'யைக் குறிப்பிடுவோர், எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதல் தோன்றிய படமென்றே அதனை நினைவுகூர்வர். ஆயின், அப்படத்தில் அவர் ஏற்றது சிறு வேடமே. கதையை நடத்திச் செல்லும் வஞ்சக நண்பன் வேடம், அதே படத்தில் திரைக்கு அறிமுகமான டி. எஸ். பாலையாவினுடையது. அந்நண்பனாற் குடிக்கு அடிமையாகும் கதாநாயகன் பின்னர் ஓடி ஒளிவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் என்பது ஈழத்தவர்க்குச் சுவையான செய்தியாகும்.

1914 இல் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த பாலையா, நாடக மேடையிற் பயின்றவர். ஒலிபெருக்கி இல்லாத அக்கால மேடையிற் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர்தல் வேண்டும். பிறர் பேசும்போது வாளாவிருப்பவனும் பாத்திரமாகவே இருத்தல் வேண்டும். இவ்விரண்டனுள் முதலாவதை மேடையினின்று வந்தோர் பலரிடமும் காணலாம். இரண்டாவதே அரிது. பாலையாவின் பெருமை அதிலேதான் உள்ளது.

தொடக்கத்தில் அவரைத் தேடி வந்தவை வில்லன் வேடங்களே. 'அம்பிகாபதி' (1937) படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதருக்கு எதிராக உருத்திரசேனனாக வந்தார். அறிஞர் அண்ணாவின் நாடகத்தினின்று உருவான 'வேலைக்காரி' (1949) அவரை நாயகனுக்கு நெறிகாட்டும் நண்பனாக்கிற்று. எனினும் வில்லன் வேடங்கள் அவரை விட்டபாடில்லை.

அவருடைய கலை முற்றக் கனிந்தது 1960 ஆம் ஆண்டுகளிலேயாம். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பலரும் நாகேஷின் வெற்றியென்பர். அது பாதி உண்மை. கேட்பவரின் அச்சமே கதைக்கு உயிர் தருகின்றது. பாலையா பேசுவது சிலவே, நடிப்பதோ இடைவிடாமல்.

அடுத்த ஆண்டு வந்த 'திருவிளையாடல்' அவருக்கு ஏமநாதனை அளித்தது. விறகு விற்ற படலம் கற்றோர்க்கு அப்பாணனின் செருக்கும் தோல்வியும் புதியனவல்ல. பாடற்குரல் பாலமுரளிகிருஷ்ணாவினுடையது, அக்குரலுக்கேற்ற இறுமாப்பை முகத்திலும் கையசைவிலும் ஏற்றியவர் பாலையா. செருக்குடையோனை வெறும் கொடியவனாக்காமல், உண்மையான வித்துவானாகவே அவர் காட்டினார். வித்துவம் பொய்யெனின் இறைவன் விறகு சுமந்து வரவேண்டிய தேவை யாது?

அப்படத்தின் இயக்குநர் ஏ. பி. நாகராசனும் நாடக மேடையினின்று வந்தவரே. அவர் 1968 இல் 'தில்லானா மோகனாம்பாள்' எடுத்தபோது, சிவாஜி கணேசனின் நாதசுவரத்துக்குத் தவில் வாசிக்கும் முத்துராக்கு ஆனார் பாலையா. தவிற்காரன் நாதசுவரத்தை மூடிவிடலாகாது, பின்தங்கவுங் கூடாது. முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கதாநாயகர்களின் அருகில் நின்று பாலையா செய்துவந்த பணியும் அதுவே. 1972 இல் அவர் காலமானார்.