ஒரு ஹாஷ் போடாததால வந்த வினை

கொசுவத்தியைச் சுத்திக்கோங்க மக்களே. பொட்டி தட்டச் சேர்ந்த புதுசு. ரெண்டு மாச சம்பளப் பட்டியலை ஒப்பிட்டு ஒரு ரிப்போர்ட் கேட்டார் டேமேஜர். எஸ்.க்யூ.எல். சர்வர்ல 'செலக்ட் இன்டு' போட்டு, குவெரி விடையை ஒரு தற்காலிக டேபிள்ல இறக்கி, ஆணியைப் புடுங்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டேன்.

டேபிள் பேருக்கு முன்னாடி ஹாஷ் குறி போட மறந்துட்டேன். அது இருந்தா, கனெக்ஷனை மூடினதும் டேபிள் தானா காணாமப் போயிடும். இல்லேன்னா நிரந்தரமா உக்காந்துக்கும். மறுநாள் காலையில பாதி டீமுக்கு அடுத்தவன் சம்பளம் தெரிஞ்சுபோச்சு. எவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டேன்னு மட்டும் கேக்காதீங்க.

இத்தனூண்டு குறியில இவ்வளவு பெரிய வித்தியாசத்தை யாருய்யா வெச்சதுன்னு தேடிப் போனேன். கதை 1970-ல ஆரம்பிக்குது. ஐ.பி.எம்.ல இருந்த எட்கர் காட் வகுத்த மாதிரியில, டேபிள்கள் மேல என்ன செஞ்சாலும் கிடைக்கிற விடையும் ஒரு டேபிள்தான். அப்படின்னா அந்த விடைக்கு ஒரு பேர் வெச்சு, அதுகிட்டயே அடுத்த கேள்வியைக் கேக்கலாமே!

அதைத்தான் பெர்க்லி பல்கலைக்கழகத்துல செஞ்சாங்க. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் 1970-களில் உருவாக்கின இன்கிரஸ்ல 'ரிட்ரீவ் இன்டு'ன்னு ஒரு கட்டளை. விடை நேரா புது டேபிளுக்குப் போகும். பெரிய குவெரியைத் துண்டு துண்டா உடைக்கும்போது இன்கிரஸே உள்ளுக்குள்ள தற்காலிக டேபிள்களைப் போட்டுக்கும்.

இன்கிரஸ்ல வேலை பார்த்த ராபர்ட் எப்ஸ்டைன், 1984-ல சைபேஸ் கம்பெனியைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். அங்கே 'செலக்ட் இன்டு'. பேர்ல ஹாஷ் இருந்தா டேபிள் டெம்ப்டிபிக்குப் போகும். சைபேஸை அடிப்படையா வெச்சு 1989-ல வந்ததுதான் மைக்ரோசாஃப்டோட எஸ்.க்யூ.எல். சர்வர். அப்படியே கைமாறி என் தலையில வந்து விழுந்தது அந்தக் குறி.

தரநிலைக்காரங்க வேற வழியில போனாங்க. 1992 தரநிலையில 'டெம்பரரி'ன்னு முழு வார்த்தையாவே எழுதணும். விடையிலிருந்தே டேபிள் செய்யுற 'கிரியேட் டேபிள் ஆஸ்' 2003-லதான் தரநிலைக்குள்ள வந்துச்சு. போஸ்ட்கிரஸ்ல ரெண்டு வழியும் உண்டு. ஆனா அதோட கையேடு சிபாரிசு பண்றது இதைத்தான்.

எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஒரு வார்த்தை விட்டுப்போனா கண்ணுல படும். ஒத்தைக் குறி விட்டுப்போனா ராத்திரி ஒன்பது மணிக்கு எவன் கண்ணுல படும்? இப்பல்லாம் குவெரியை ஓட்டுறதுக்கு முன்னாடி 'இன்டு'வுக்கு அடுத்த எழுத்தை ரெண்டு தடவை பார்த்துக்கறேன். நீங்களும் பார்த்துக்கோங்க சாமிகளா.